மலைக்கு ஒரு குரல்: நீலகிரித் தொகுதியும் ஆர். பிரபுவின் ஐந்து வெற்றிகளும்

நீலகிரி மக்களவைத் தொகுதியிலிருந்து ஐந்து முறை தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஒருவரே. காங்கிரசுக் கட்சியைச் சேர்ந்த ஆர். பிரபு 1980, 1984, 1989, 1991, 2004 ஆகிய ஆண்டுகளில் அத்தொகுதியின் உறுப்பினராக நாடாளுமன்றம் சென்றார். அவருக்கு முன் நடந்த ஐந்து தேர்தல்களில் ஐந்து வேறு வேறு மனிதர்களை அனுப்பிய தொகுதி அது. அவருக்குப் பின் எல்லைகள் மாற்றி அமைக்கப்பட்டு அட்டவணைச் சாதியினர்க்கு ஒதுக்கப்பட்ட தொகுதி அது. இவ்விரண்டு நிலைகளுக்கும் இடைப்பட்ட கால் நூற்றாண்டின் தேர்தல் வரலாறு பெரும்பகுதி அவருடைய வெற்றி தோல்விகளின் வரலாறாகவே அமைந்துள்ளது.

தேர்தல் முடிவுகளை வெறும் எண்களாகப் படிப்போர்க்கு அவற்றில் சுவை குறைவு. அவற்றின் பின்னால் உள்ள நிலத்தையும் மக்களையும் சேர்த்துப் படிக்கும்போது வேறொரு வினா எழுகிறது. எண்ணிக்கையில் சிறியதான ஒரு மலைநாடு, எண்ணிக்கையே ஆளும் மக்களாட்சியில் தன் குரலை எவ்வாறு கேட்கச் செய்கிறது என்பதே அவ்வினா. பிரபுவின் தேர்தல் ஏடு அதற்கு ஒரு விடை தருகிறது. அவ்விடை மலைக்கு மட்டும் உரியதன்று.

மலையும் மக்களும்

1819ஆம் ஆண்டில் கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியர் ஜான் சல்லிவன் கோத்தகிரிப் பகுதிக்கு ஏறி வந்த பின்னரே ஆங்கில அரசின் பார்வை நீலகிரியின்மேல் முழுமையாக விழுந்தது. 1868இல் நீலகிரி தனி மாவட்டமாயிற்று. மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்பட்ட மலை இரயில் 1899இல் குன்னூரையும் 1908இல் உதகமண்டலத்தையும் அடைந்தது. அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடியினரும், வேளாண்மையைத் தொழிலாகக் கொண்ட படுகர் பெருமக்களும் அங்கு வாழ்ந்து வந்தனர். தேயிலைத் தோட்டங்கள் பெருகியபோது சமவெளியிலிருந்து தொழிலாளர் வந்தனர். கூடலூர்ப் பகுதியில் மலையாளம் பேசுவோரும் மிகுந்தனர்.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் மலையின் மக்கள்தொகையை மேலும் மாற்றியது. இலங்கையின் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளியினருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று அவ்வொப்பந்தம் கூறியது. அவ்வாறு தாயகம் திரும்பியோருக்கு வேலை அளிக்கும் பொருட்டு 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் திட்டமே பின்னர் டான்டீ என்னும் நிறுவனமாக வளர்ந்தது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் தாயகம் திரும்பியோர் குடும்பங்கள் வேரூன்றின. கப்பலில் வந்தபோது பெட்டி ஒன்றும் குடும்ப அட்டை ஒன்றுமே உடைமையாகக் கொண்டிருந்த அம்மக்களுக்கு வாக்குச்சீட்டு ஒரு புதிய உடைமை.

இவ்வளவு பிரிவினர் வாழ்ந்தும் மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகை 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 7,35,394 மட்டுமே. ஒரு மக்களவைத் தொகுதிக்கு இது போதாது. ஆகவே மலையில் உள்ள உதகமண்டலம், குன்னூர், கூடலூர் ஆகிய மூன்று சட்டமன்றத் தொகுதிகளுடன் சமவெளியின் மேட்டுப்பாளையம், அவிநாசி, தொண்டாமுத்தூர் ஆகிய மூன்றும் சேர்ந்தே பிரபு காலத்து நீலகிரித் தொகுதி அமைந்தது. தேயிலைக்கும் உருளைக்கிழங்குக்கும் உரிய நாடு மேலே; பருத்தி, விசைத்தறி, வாழை, கரும்பு ஆகியவற்றுக்கு உரிய நாடு கீழே. தொகுதிக்குப் பெயர் மலையுடையது. வாக்குகளிற் பெரும்பங்கு சமவெளியுடையது. பின்வரும் வரலாறு முழுவதற்கும் இவ்வுண்மையே திறவுகோல்.

வாக்குக்கு முந்திய குரல்

மலைமக்களின் பொதுவாழ்வு தேர்தலோடு தொடங்கியதன்று. உப்பதலை ஊரினரான இராவ் பகதூர் எச்.பி. ஆரி கவுடர் (1893–1971) படுகர் சமூகத்தின் முதல் பட்டதாரி என்று போற்றப்படுபவர். ஆங்கில ஆட்சிக் காலத்திலேயே சென்னை மாகாணச் சட்ட மேலவையில் மலையின் சார்பில் இடம்பெற்றவர். சாரணர் இயக்கத்தில் ஈடுபட்டு, உலகச் சாரணர் பெருந்திரள் அணிக்கு இந்தியக் குழுவைத் தலைமை தாங்கி ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றவர்.

எனினும் அவர் பெயரை மலை இன்றும் நினைப்பதற்குப் பதவி காரணமன்று. மலையில் விளைந்த உருளைக்கிழங்கும் காய்கறியும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கியபோது, விலையை முடிவு செய்தவர் விளைவித்தவர் அல்லர். தரகும் முன்பணக் கடனும் உழவரைக் கட்டியிருந்தன. இந்நிலைக்கு மாற்றாக 1935இல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் தோன்றியது. அதனை முன்னின்று உருவாக்கியவர் ஆரி கவுடர். விளைபொருளைச் சங்கத்தின் வழியே ஏலமிட்டு, எடைக்கும் விலைக்கும் கணக்குக் காட்டும் முறை ஏற்பட்டது. தனித்தனியே நின்றபோது சிறியோராய் இருந்தவர் சேர்ந்து நின்றபோது வணிகர்க்கு ஈடானவர் ஆயினர். சட்டமன்றத்தில் கிடைத்த ஓர் இடம் காலம் முடிந்ததும் போய்விடும்; சங்கமோ தலைமுறை கடந்து நின்றது. இவ்வேறுபாடு பின்னர் வரும் தேர்தல் வரலாற்றுக்கு ஓர் உரைகல்லாக அமையும்.

ஐந்து தேர்தல்கள், ஐந்து உறுப்பினர்கள்

1957ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரசின் சி. நஞ்சப்பா நீலகிரியின் உறுப்பினரானார். 1962இல் அதே கட்சியின் அக்கம்மா தேவி வென்றார். படுகர் சமூகத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற பெண்மணி அவர். பெண்கல்வி அரிதாக இருந்த காலத்தில் ஒரு மலைக்கிராமத்துப் பெண் நாடாளுமன்றம் வரை சென்றது தமிழகத்தின் பெண்கள் வரலாற்றில் தனியே எழுதத் தக்கது.

1967இல் காற்று மாறியது. தி.மு.க. தலைமையில் அமைந்த அணியில் இராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் இருந்தது. நீலகிரி அக்கட்சிக்கு ஒதுக்கப்பட்டு, எம்.கே. நஞ்ச கவுடர் வெற்றி பெற்றார். 1971இல் தி.மு.க.வின் ஜெ. மாத கவுடர் வந்தார். நெருக்கடி நிலைக்குப் பின் நடந்த 1977 தேர்தலில் அ.தி.மு.க.வின் பி.எஸ். இராமலிங்கம் வென்றார்.

இருபது ஆண்டுகளில் ஐந்து தேர்தல்கள், ஐந்து உறுப்பினர்கள், நான்கு கட்சிகள். எவரும் இரண்டாம் முறை திரும்பவில்லை. மலையில் ஓரிடத்தில் வேரூன்றிய தலைமை அக்காலத்தில் இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளுதல் பிழை. மாநிலம் முழுவதும் அடித்த அரசியற் காற்று மலையிலும் அதே திசையில் அடித்தது என்பதே சரியான பொருள். வேட்பாளர் யார் என்பதைவிட, எந்த அணியின் வேட்பாளர் என்பதே முடிவைத் தீர்மானித்தது.

நான்கு தொடர் வெற்றிகள்

இந்தச் சூழலில்தான் 1980ஆம் ஆண்டு ஜனவரியில் ஆர். பிரபு இந்திரா காங்கிரசின் வேட்பாளராக நின்றார். நெருக்கடி நிலைக் காலத்தில் தி.மு.க. ஆட்சியைக் கலைத்தவர் இந்திரா காந்தி. அக்கசப்பை ஒதுக்கி வைத்து இரு கட்சிகளும் அத்தேர்தலில் கைகோத்தன. அந்த அணி மாநிலத்தின் 39 இடங்களில் 37ஐக் கைப்பற்றியது. அ.தி.மு.க.வுக்குக் கோபிசெட்டிப்பாளையமும் சிவகாசியும் மட்டுமே கிட்டின. நீலகிரி காங்கிரசு வசமாயிற்று. பிரபு முதன்முறையாக மக்களவைக்குச் சென்றார்.

மக்களவையில் அத்தனை இடங்களை அந்த அணிக்குக் கொடுத்த அதே தமிழகம், நான்கு மாதங்களுக்குப் பின் நடந்த சட்டமன்றத் தேர்தலில் எம்.ஜி.ஆரை மீண்டும் முதலமைச்சராக்கியது. தில்லிக்கு ஒருவர், கோட்டைக்கு ஒருவர் என்று வாக்காளர் பிரித்துப் பார்த்தனர். பிரபுவின் அடுத்த மூன்று வெற்றிகளையும் விளங்கிக்கொள்ள இந்தப் பழக்கத்தை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1984 டிசம்பரில் நிலைமை முற்றிலும் வேறு. அக்டோபர் 31ஆம் நாள் இந்திரா காந்தி படுகொலை செய்யப்பட்டிருந்தார். எம்.ஜி.ஆர். நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தார். இம்முறை காங்கிரசுக்குத் துணை அ.தி.மு.க. காங்கிரசு 25, அ.தி.மு.க. 12 என்று அந்த அணியும் 37 இடங்களை வென்றது. ஐந்தாண்டுகளுக்கு முன் எதிரணியில் நின்றோரின் வாக்குகள் இப்போது பிரபுவுக்குக் கிடைத்தன. இரண்டாம் முறை வென்ற அவர், இராஜீவ் காந்தியின் அமைச்சரவையில் உரத்துறையின் இணை அமைச்சராகப் பொறுப்பேற்றார். மலைத்தொகுதியின் உறுப்பினர் ஒருவர் உழவர்க்கு இன்றியமையாத உரத்துறையைக் கவனித்தது பொருத்தமான அமைப்பே.

1989ஆம் ஆண்டு ஜனவரியில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் காங்கிரசு தனித்து நின்று தோற்றது, தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. ஆனால் அவ்வாண்டு நவம்பரில் மக்களவைத் தேர்தல் வந்தபோது, எம்.ஜி.ஆரின் மறைவுக்குப் பின் பிளந்து மீண்டும் ஒன்றான அ.தி.மு.க. காங்கிரசோடு சேர்ந்தது. நாடு முழுவதும் இராஜீவ் காந்தியின் கட்சி பின்னடைந்த தேர்தல் அது. தமிழகமோ காங்கிரசுக்கு 27 இடங்களையும் அ.தி.மு.க.வுக்கு 11 இடங்களையும் தந்தது. மாநிலத்தை ஆண்ட தி.மு.க.வுக்கு ஓர் இடமும் இல்லை. பிரபு மூன்றாம் முறை வென்றார். ஆனால் இம்முறை அவர் அமர்ந்தது எதிர்க்கட்சி வரிசையில்.

1991 மே 21ஆம் நாள் திருப்பெரும்புதூரில் இராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். தள்ளி வைக்கப்பட்ட வாக்குப்பதிவு ஜூன் 15இல் நடந்தது. துயரமும் சினமும் கலந்த அத்தேர்தலில் 39 இடங்களும் காங்கிரசு–அ.தி.மு.க. அணிக்கே சென்றன. நீலகிரியில் பிரபுவுக்கு அது நான்காம் வெற்றி.

நான்கு வெற்றிகளும் பெருவெள்ளத்தோடு வந்தவை என்பதை மறைக்க இயலாது. ஆயினும் வெள்ளம் எல்லாரையும் ஒருபோல் சுமப்பதில்லை. ஒரே தொகுதியில், ஒரே மனிதரை, அணி மாறிய பின்னும் கட்சி நான்கு முறை நிறுத்தியது. மலையும் சமவெளியும் நான்கு முறை ஏற்றன. அதற்கு முன் எவருக்கும் இரண்டாம் வாய்ப்பே தராத தொகுதி இது என்பதை நினைத்தால், அந்த ஏற்பு சிறியதன்று.

இருக்கை தீர்க்க இயலாத வழக்கு

உறுப்பினரின் வெற்றி தொகுதியின் எல்லாக் குறைகளையும் தீர்த்துவிடும் என்று எண்ணுதல் தவறு. கூடலூர் இதற்குச் சான்று. நிலம்பூர்க் கோவிலகத்தின் ஜன்ம உரிமையின்கீழ் இருந்த பெருநிலப்பரப்பை அரசுடைமையாக்கி இரயத்துவாரி முறைக்குக் கொணர 1969ஆம் ஆண்டு கூடலூர் ஜன்ம நிலச் சட்டம் இயற்றப்பட்டது. குத்தகைக்கு நிலம் எடுத்திருந்த தோட்ட நிறுவனங்கள் வழக்காடின. 1972இல் உச்ச நீதிமன்றம் காடுகளைப் பற்றிய பகுதியைச் செல்லாது என்றது. 1974இல் அரசமைப்பின் 34ஆம் திருத்தத்தின் வழி அச்சட்டம் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அவ்வட்டவணையில் உள்ள சட்டங்களை நீதிமன்றம் ஆராயலாமா என்ற வினா எழுந்து, ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த ஆயம் 2007 ஜனவரி 11ஆம் நாள் தீர்ப்பு வழங்கியது. 1973 ஏப்ரல் 24ஆம் நாளுக்குப் பின் அந்த அட்டவணையில் சேர்க்கப்பட்ட சட்டங்களும் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்புக்கு உட்பட்டவையே என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இந்தியச் சட்ட வரலாற்றில் ஐ.ஆர். கொயலோ வழக்கு என்று படிக்கப்படும் இப்பெருந்தீர்ப்பு பிறந்த இடம் கூடலூரின் தேயிலைக் காடுகள். சட்ட மாணவர்க்கு அது கோட்பாடு. அந்நிலத்தில் சிறு துண்டு திருத்திக் குடிசை கட்டி வாழ்ந்தவர்க்கோ அது பட்டா இல்லாத வாழ்வு. பட்டா இல்லாததால் மின் இணைப்புக்கும் கடனுக்கும் அலைந்த வாழ்வு. பிரபு முதன்முறை வென்ற 1980க்கு முன்னரே தொடங்கிய அவ்வழக்கு அவருடைய ஐந்தாம் பதவிக்காலத்திலும் நடந்துகொண்டிருந்தது. மாநிலச் சட்டம், நீதிமன்றம், வனத்துறை ஆகிய மூன்றும் பின்னிக் கிடந்த சிக்கலை ஒரு மக்களவை உறுப்பினர் எடுத்துரைக்கலாம். தனியே அவிழ்க்க இயலாது.

தோல்வியும் தேயிலையும்

1996இல் காங்கிரசுத் தலைமை மீண்டும் அ.தி.மு.க.வோடு கூட்டு என்று முடிவெடுத்தபோது, அதை எதிர்த்து ஜி.கே. மூப்பனார் தமிழ் மாநிலக் காங்கிரசைத் தோற்றுவித்தார். தி.மு.க.–த.மா.கா. அணி 39 இடங்களையும் வாரிக்கொண்டது. நீலகிரி த.மா.கா.வின் எஸ்.ஆர். பாலசுப்பிரமணியத்திடம் சென்றது, அவரும் மத்திய இணை அமைச்சரானார். பதினாறு ஆண்டுகளாகக் காங்கிரசு வசமிருந்த தொகுதி ஒரே முடிவால் கைமாறியது.

1998இல் அ.தி.மு.க. பாரதிய ஜனதாக் கட்சியோடு அணி சேர்ந்தது. தமிழகத்தில் அக்கட்சி வென்ற மூன்று இடங்களில் நீலகிரியும் ஒன்று. மற்றவை கோயம்புத்தூரும் திருச்சிராப்பள்ளியும். மலையில் வென்றவர் படுகர் சமூகத்தைச் சேர்ந்த எம். மாஸ்டர் மாதன். அந்த அரசு நீண்ட நாள் நிற்கவில்லை. 1999 ஏப்ரல் 17ஆம் நாள் நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரே ஒரு வாக்கில் வாஜ்பாய் அரசு வீழ்ந்தது. ஒரு சிறு தொகுதியின் ஓர் உறுப்பினருக்கு என்ன மதிப்பு என்று கேட்போர்க்கு அந்நாள் விடை கூறியது.

அவ்வாண்டே மீண்டும் தேர்தல். இப்போது பா.ஜ.க.வுக்குத் துணை தி.மு.க.; காங்கிரசுக்குத் துணை அ.தி.மு.க. பிரபு மாதனை எதிர்த்து நின்று தோற்றார். முந்தைய தேர்தல்களைப் போல ஓரணியே அனைத்தையும் அள்ளிய தேர்தல் அன்று அது. தி.மு.க.–பா.ஜ.க. அணிக்கு 26, எதிரணிக்கு 13 என்று மாநிலம் பிரிந்தது. அப்பிரிவில் நீலகிரி பெரும்பான்மைப் பக்கம் நின்றது.

தேர்தல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்த அந்நாட்களில் மலையின் வாழ்வையே உலுக்கிய நிகழ்வு வேறொன்று. அது தேயிலை விலையின் வீழ்ச்சி. உருளைக்கிழங்கு நோயுற்று வருவாய் குறைந்தபின் மலையின் சிறு விவசாயிகள் பல்லாயிரவர் தேயிலைக்கு மாறியிருந்தனர். தென்னிந்தியத் தேயிலைக்குப் பெரிய சந்தையாக இருந்தது சோவியத் நாடு. 1991இல் அது சிதறியபோது அச்சந்தையும் உறுதியிழந்தது. 1998 டிசம்பரில் இந்தியா இலங்கையோடு தடையற்ற வணிக ஒப்பந்தம் செய்துகொண்டது சிறு விவசாயிகளின் அச்சத்தை வளர்த்தது. 1990களின் இறுதியில் பசுந்தேயிலையின் விலை சரிந்து, கிலோவுக்கு ஒற்றை இலக்க ரூபாயாக இறங்கியது. பறிக்கும் கூலிக்கும் உரத்துக்கும் அது போதவில்லை. கடையடைப்பும் மறியலும் உண்ணாநோன்பும் மலையெங்கும் நடந்தன.

தேயிலை, மற்ற பயிர்களைப் போன்றதன்று. 1953ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டத்தின் வழி அது மத்திய அரசின் கட்டுப்பாட்டில் உள்ளது. தேயிலை வாரியம் மத்திய வணிக அமைச்சகத்தின்கீழ் இயங்குகிறது. நெல்லுக்கு விலை வேண்டுவோர் கோட்டையை நோக்கலாம். பசுந்தேயிலைக்கு விலை வேண்டுவோர் தில்லியையே நோக்க வேண்டும். ஆகவே நீலகிரி மக்களுக்கு மக்களவை உறுப்பினர் என்பவர் தொலைவில் இருக்கும் ஒரு பெயரல்லர்; அடுப்பங்கரையின் கணக்கோடு தொடர்புடையவர். அக்காலம் முதல் எக்கட்சியின் வேட்பாளரும் பசுந்தேயிலை விலையைப் பேசாமல் மலையில் வாக்குக் கேட்க இயலவில்லை. இதில் ஒரு முரணும் உண்டு. மலையின் உயிர்நாடியான அச்சிக்கலைத் தீர்ப்பவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குகளிற் பாதிக்கு மேற்பட்டவை தேயிலைச் செடியே இல்லாத சமவெளியிலிருந்து வந்தன.

ஐந்தாம் வெற்றி

2004இல் தி.மு.க., காங்கிரசு, பா.ம.க., ம.தி.மு.க., இடதுசாரிகள் ஆகியோர் ஓரணியில் நின்றனர். தமிழகத்தின் 39 இடங்களும் அவ்வணிக்கே கிட்டின. நீலகிரியில் பிரபு, ஐந்து ஆண்டுகளுக்கு முன் தம்மைத் தோற்கடித்த மாஸ்டர் மாதனை இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். முதல் வெற்றிக்குத் துணை நின்ற தி.மு.க.வே இறுதி வெற்றிக்கும் துணையாயிற்று. இடையில் இருபத்து நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. 1980இல் முதன்முதலாக வாக்களித்த இளைஞர்கள் இப்போது தம் பிள்ளைகளோடு வாக்குச்சாவடிக்கு வந்திருப்பர்.

அப்பதவிக்காலத்தில் மலைக்கு மகிழ்ச்சி தந்த செய்தி ஒன்று உண்டு. 2005இல் நீலகிரி மலை இரயில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்ந்தது. பற்சக்கரத்தின் துணையால் கல்லாற்றிலிருந்து குன்னூருக்கு ஏறும் அவ்விரயில், மலை எப்போதும் சமவெளியிலிருந்தே தன் வலிமையைப் பெற்று ஏற வேண்டியிருந்தது என்பதற்கு ஓர் அடையாளம் போலவும் அமைந்தது.

எல்லைக்கோடு மாறியபோது

2008ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறை பிரபுவின் தேர்தல் வாழ்வில் எந்த எதிர்க்கட்சியும் செய்யாத மாற்றத்தைச் செய்தது. நீலகிரி அட்டவணைச் சாதியினர்க்கு ஒதுக்கப்பட்டது. தொண்டாமுத்தூர் பிரிந்து, பவானிசாகர் சேர்ந்தது. அதே மறுவரையறையில் அதுவரை ஒதுக்கீட்டுத் தொகுதியாக இருந்த பெரம்பலூர் பொதுத்தொகுதியாயிற்று. பெரம்பலூரின் உறுப்பினராக இருந்த தி.மு.க.வின் ஆ. இராசா நீலகிரிக்கு வந்தார். நீலகிரியின் உறுப்பினராக இருந்த பிரபு அண்டைத் தொகுதியான கோயம்புத்தூருக்குச் சென்றார். வாக்காளர் எவரையும் விலக்கவில்லை. வரைபடம் இருவரையும் இடம் மாற்றியது.

தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர் அட்டவணைச் சாதியினர் என்பதை நோக்கும்போது, அதுவரை மக்களவையில் தமக்கென ஓர் உறுப்பினரைக் கண்டிராத ஒரு பெரும்பிரிவுக்கு அவ்வொதுக்கீடு வாயில் திறந்தது எனலாம். மறுபுறம், ஆறு தேர்தல்களுக்கு மேலாகத் தம் சமூகத்தவரை வேட்பாளராகக் கண்டிருந்த படுகர்கள் மக்களவைப் போட்டியிலிருந்து விலக நேர்ந்தது. ஒருவர்க்கு நீதியானது மற்றொருவர்க்கு இழப்பாவது மக்களாட்சியில் புதிதன்று. இரண்டையும் ஒருங்கே உணர்வதே வரலாற்றைப் படிப்போரின் கடமை.

2009இல் கோயம்புத்தூரில் பிரபு மார்க்சிஸ்ட் கட்சியின் பி.ஆர். நடராஜனிடம் தோற்றார். அவ்வாண்டு முதன்முறையாகக் களமிறங்கிய கொங்குநாடு முன்னேற்றப் பேரவை ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றது. வித்தியாசமோ நாற்பதாயிரத்துக்கும் குறைவு. 2014இல் காங்கிரசு துணையின்றித் தனித்து நின்றது. கோயம்புத்தூரில் மீண்டும் போட்டியிட்ட பிரபு நான்காம் இடத்தையே பெற்றார். 1980 முதல் மாறி மாறி வந்த இரு பெருங்கட்சிகளின் துணை இல்லாதபோது கட்சியின் சொந்த வலிமை எவ்வளவு என்பதை அம்முடிவு வெளிப்படையாகக் காட்டியது.

நீலகிரியும் 2014இல் ஒரு வியப்பை நிகழ்த்தியது. உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பரில் தந்த தீர்ப்பால் ‘மேற்கண்ட எவருக்கும் இல்லை’ என்னும் நோட்டாப் பொத்தான் வாக்கு எந்திரத்தில் ஏறியிருந்தது. பா.ஜ.க. வேட்பாளரின் மனு தள்ளுபடியான நீலகிரியில் 46,559 பேர் அப்பொத்தானை அழுத்தினர். அத்தேர்தலில் இந்தியா முழுவதிலும் நோட்டா மிகுதியாகப் பெற்ற தொகுதி அதுவே. அவ்வாண்டு வென்றவர் அ.தி.மு.க.வின் சி. கோபாலகிருஷ்ணன். 2009இல் வென்று 2014இல் தோற்ற ஆ. இராசா 2019லும் 2024லும் மீண்டும் வென்றார்.

ஏடு சொல்வது

பிரபுவின் தேர்தல் ஏட்டை முழுமையாக விரித்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. ஐந்து வெற்றிகளில் இரண்டு தி.மு.க.வின் துணையோடு வந்தவை, மூன்று அ.தி.மு.க.வின் துணையோடு வந்தவை. துணை இருந்தும் 1999இல் தோல்வி வந்தது. துணை இல்லாமல் ஒருமுறையும் வெற்றி வரவில்லை. இதனைக் குறையாகச் சொல்வது எளிது. ஆனால் இது ஒரு மனிதரின் குறையன்று; மலையின் நிலைமை. மூன்றே சட்டமன்றத் தொகுதிகள் கொண்ட மலை, சமவெளியைச் சேர்த்துக்கொள்ளாமல் எவரையும் தேர்ந்தெடுக்க இயலாது. மாநிலக் கட்சியின் துணையில்லாத தேசியக் கட்சியின் வேட்பாளர் அச்சமவெளியை வெல்ல இயலாது. சிறியது பெரியதோடு சேர்ந்தே பேச வேண்டியிருந்தது.

அவ்வாறு சேரும்போது சிறியதன் குரல் பெரியதன் இரைச்சலில் மறைந்துவிடாமல் காப்பது எது? நீலகிரி வரலாறு இரண்டு விடைகளை முன்வைக்கிறது. ஒன்று, நெடுங்காலம் ஒரே மக்களிடம் திரும்பத் திரும்ப வந்து கணக்குக் கூறும் உறுப்பினர். தோல்வி கண்ட பின்னும் அதே மக்களை நாடி வந்து, 2004இல் மீண்டும் ஏற்கப்பட்ட பிரபுவின் வாழ்வு அதற்கு எடுத்துக்காட்டு. மற்றொன்று, தேர்தல் முடிவு எதுவாயினும் குலையாத நிறுவனங்கள். ஆரி கவுடர் 1935இல் ஊன்றிய சங்கமும், 1965இல் தோன்றிய இன்ட்கோசர்வ் என்னும் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் இணையமும் உறுப்பினர்கள் மாறியபோதும் நின்றன. விலை வீழ்ந்த ஆண்டுகளில் சிறு விவசாயி தன் இலையை எடுத்துச் செல்ல ஒரு வாயில் இருந்ததற்கு அவையே காரணம். அவற்றிலும் குறைகள் உண்டு. ஆனால் அவை இல்லாத மலையை எண்ணிப் பார்த்தால் அவற்றின் அருமை விளங்கும்.

வந்தவாசி, செய்யாறு, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டங்களின் ஊர்களில் பரவி வாழ்ந்தும், எந்தத் தொகுதியிலும் தம் எண்ணிக்கையால் முடிவைத் தீர்மானிக்க இயலாத தமிழ்ச் சமணக் குடும்பங்களுக்கு இவ்வரலாறு அயலார் கதையாகத் தோன்றாது. எண்ணிக்கை குறைவு என்பது குரலின்மை ஆகாது. அண்டை அயலாரோடு நம்பிக்கையை வளர்ப்பதும், பள்ளி, கூட்டுறவு, அறக்கட்டளை போன்ற நிலையான அமைப்புகளைச் செம்மையாக நடத்துவதும், தேர்தல் நாளில் தவறாது வாக்களிப்பதும் சிறுபான்மையின் வலிமை. 1999இல் ஓர் அரசைக் கவிழ்த்தது ஒரு வாக்கு. நீலகிரியின் தேயிலைத் தோட்டத்தில் கூடையை இறக்கி வைத்துவிட்டு வரிசையில் நிற்கும் தாயின் வாக்கும், செய்யாற்றங்கரை ஊரில் கோயிலிலிருந்து நேரே வாக்குச்சாவடிக்கு வரும் முதியவரின் வாக்கும் அதே எடை உடையவை.